பருத்திக் காட்டில் ஒரு விமானத்தளம்

விமான நிலையம் என்ற பேச்சு நம் கிராமங்களில் எழுந்தால், கூடவே நில எடுப்பு என்ற பேச்சும் எழுந்துவிடுகிறது. பரந்தூர்த் திட்டம் 2022-இல் அறிவிக்கப்பட்டதிலிருந்து ஏகனாபுரம் மக்கள் நடத்திவரும் போராட்டத்தை வாசகர்கள் அறிவார்கள். பட்டா வைத்திருப்பவருக்கு என்ன இழப்பீடு என்ற பேச்சு முதலில் வரும். அதே வயலில் நடவு நட்டும் களை பறித்தும் பிழைக்கும் குடும்பத்தைப் பற்றிய பேச்சு கடைசியில்தான் வரும். விமானத்தளம் என்றாலே நம்மை வெளியே அனுப்பிவிட்டுக் கட்டப்படுவது என்றுதான் நமக்குப் பழகியிருக்கிறது.

இந்த வாரம் நாம் சொல்லப்போவது வேறு வகையான ஒரு விமானத்தளத்தின் கதை. அமெரிக்காவின் தெற்கே, அலபாமா மாநிலத்தில், பருத்தி விளையும் மேக்கன் என்ற வட்டாரத்தில் அது இருக்கிறது. பெயர் மோட்டன் தளம். அடிமைகளாக இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் படித்த ஒரு கல்வி நிறுவனம், தன் பொறுப்பில் கடன் வாங்கி, தன் மாணவர்களையும் தொழிலாளர்களையும் கொண்டு கட்டி, தன் ஆசிரியர்களை வைத்தே நடத்திய தளம் அது. கறுப்பின மக்களின் போர் விமானிகள் அங்கே உருவானதைச் சிலர் சினிமாவில் பார்த்திருக்கலாம். சினிமா வானத்தைக் காட்டியது. நாம் தரையைப் பற்றிப் பேசுவோம்.

மேக்கன் வட்டாரத்தில் அந்தக் காலத்தில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் கறுப்பினத்தவர். அடிமை முறை 1865-இல் ஒழிந்தது. நிலம் மட்டும் பழைய பண்ணையார்களின் கையிலேயே தங்கிவிட்டது. விடுதலை பெற்றவர்கள் அதே நிலத்தில் வாரத்துக்குப் பயிர் செய்தார்கள். விதை, கோவேறு கழுதை, சாப்பாட்டுச் சாமான் எல்லாம் கடனாக வரும். அறுவடையானதும் பண்ணையார் கணக்குப் பார்ப்பார். கணக்கு எழுதியவரும் அவரே. விளைச்சலில் பாதி அவருக்குப் போனபின், மீதிப் பாதியும் கடனுக்குச் சரியாகப் போகும். தஞ்சைப் பக்கத்துப் பண்ணையாள் முறையைத் தாத்தாக்கள் வாயால் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த ஊரில்தான் 1881-இல் டஸ்கீகி நிறுவனம் தொடங்கியது. அடிமையாகப் பிறந்த புக்கர் டி. வாஷிங்டன் அதன் முதல் தலைவர். பாழடைந்து கிடந்த ஒரு பழைய பண்ணையை விலைக்கு வாங்கி, மாணவர்களே செங்கல் அறுத்துச் சூளை போட்டு வகுப்பறைகளைக் கட்டினார்கள். 1892-இல் சுற்றுவட்டார விவசாயிகளைக் கூட்டி ஆண்டு மாநாடு நடத்தத் தொடங்கினார்கள். சொந்தமாக நிலம் வாங்கு, கடனை அடை, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பு என்பதே அங்கே பேச்சு. அதே 1892-இல்தான், செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமன்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து, நம் மக்களுக்குப் பஞ்சமி நிலம் ஒதுக்க வழி பிறந்தது. ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு நாட்டு மக்கள் ஒரே ஆண்டில் ஒரே கேள்வியின் முன் நின்றிருக்கிறார்கள். நமக்குத் தரப்பட்ட நிலத்தில் எவ்வளவு இன்று நம் கையில் இல்லை என்பதை வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

வேளாண் அறிஞர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் 1896-இல் டஸ்கீகிக்கு வந்தார். பருத்தியே போட்டுச் சத்து இழந்த மண்ணில் நிலக்கடலையும் தட்டைப்பயறும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் மாற்றிப் போடச் சொன்னவர் அவர். 1906-இல் ஒரு கோவேறு கழுதை வண்டியில் கருவிகளையும் விதைகளையும் ஏற்றிக்கொண்டு, நகரும் பள்ளி என்று ஊர் ஊராக அனுப்பினார்கள். விவசாயி பள்ளிக்கு வர முடியாது என்றால் பள்ளி விவசாயியிடம் போகட்டும் என்பது அவர்கள் யோசனை. இவ்வளவையும் சொல்லக் காரணம் உண்டு. டஸ்கீகியின் விமானத்தளம் திடீரென்று முளைத்ததல்ல. அதற்கு முன் அறுபது ஆண்டுகள் செங்கல்லும் நிலக்கடலையும் இருந்தன.

இனி விமானத்துக்கு வருவோம். 1925-இல் அமெரிக்க இராணுவப் போர்க் கல்லூரி ஓர் அறிக்கை தயாரித்தது. கறுப்பினத்தவர் அறிவிலும் துணிவிலும் குறைந்தவர்கள், போரில் முன்னணிப் பொறுப்புக்குத் தகுதியற்றவர்கள் என்று அது சொன்னது. எந்த அளவுகோலால் அளந்தார்கள் என்று கேட்கக் கூடாது. மனு எந்த அளவுகோலால் அளந்தார்?

அந்த நாட்களில் சார்லஸ் ஆல்ஃபிரட் ஆண்டர்சன் என்ற இளைஞருக்கு விமானம் கற்றுத்தர ஆளில்லை, வாடகைக்கு விமானம் கொடுப்பாரும் இல்லை. கடன் வாங்கிச் சொந்தமாக ஒரு பழைய விமானத்தை வாங்கி, தானே முட்டி மோதி ஓட்டிப் பழகினார். பிறகு ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஒரு விமானியிடம் பயின்று, 1932-இல் போக்குவரத்து விமானி உரிமம் பெற்றார். கறுப்பினத்தவரில் அந்த உரிமத்தைப் பெற்ற முதல் மனிதர் அவரே. பின்னாளில் டஸ்கீகியின் தலைமைப் பயிற்றுநராக வந்தவரும் அவர்தான்.

போர் மேகம் சூழ்ந்ததால் 1939-இல் அமெரிக்க அரசு கல்லூரி மாணவர்களுக்கு விமானப் பயிற்சி தரும் திட்டத்தைக் கொண்டுவந்தது. டஸ்கீகிக்கும் அனுமதி கிடைத்தது. ஆனால் பறக்க இடம் எங்கே? சுமார் 40 மைல் தூரத்தில் மான்ட்கோமரி நகரத்து விமானத்தளத்துக்குப் போய்வர வேண்டியிருந்தது. போகவர நேரமும் பணமும் கரைந்தன. பள்ளிக்கு இரண்டு பஸ் மாறிப் போகும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது புரியும். அதனால் ஊருக்குத் தெற்கே இருந்த கென்னடி தளம் என்ற சிறிய புல்வெளியைக் குத்தகைக்கு எடுத்தார்கள். ஒரு கொட்டகை, சில சிறு விமானங்கள், அவ்வளவுதான் அங்கே இருந்தது. மேடு பள்ளம் நிரவி, அதைப் பயிற்சிக்குத் தகுந்ததாக ஆக்கும் வேலையில் மாணவர்களும் இறங்கினார்கள்.

1941 மார்ச் மாதம் அதிபர் ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினோர் டஸ்கீகிக்கு வந்தார். ஆண்டர்சனின் விமானத்தில் ஏற வேண்டும் என்றார். கூட வந்த காவலர்கள் பதறினார்கள். அவர் கேட்கவில்லை. அரை மணி நேரத்துக்கு மேல் அந்த வட்டாரத்தின் மேல் சுற்றிவிட்டு இறங்கினார். விமானத்துக்குள் ஆண்டர்சனும் பின்னால் சிரித்த முகத்துடன் அவரும் இருக்கும் படம் ஊரெங்கும் பரவியது. ஒருவர் ஓட்டும் விமானத்தில் இன்னொருவர் நம்பி உட்கார்வது ஒரு செய்தியா? தொட்டால் தீட்டு என்ற நாட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிப்பதும் செய்திதானே.

எலினோர் அப்போது ரோசன்வால்டு நிதியத்தின் அறங்காவலர்களில் ஒருவர். தெற்கு மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்கு ஐயாயிரத்துக்குச் சற்றுக் குறைவான பள்ளிக் கட்டடங்கள் எழ உதவிய நிதியம் அது. பள்ளி வேண்டும் என்ற ஊர் மக்களும் பணமாகவோ உழைப்பாகவோ பங்கு தர வேண்டும் என்பது அதன் விதி. விமானத்தளம் கட்ட அந்த நிதியம் டஸ்கீகிக்கு 1,75,000 டாலர் கொடுத்தது. நன்கொடையாக இல்லை, கடனாக. நிறுவனத்தின் இரண்டாம் தலைவராக இருந்து 1940-இல் மறைந்த ராபர்ட் மோட்டனின் பெயரைத் தளத்துக்கு வைத்தார்கள்.

கட்டட வேலையை ஏற்று நடத்தியவர் ஆர்ச்சி அலெக்சாண்டர் என்ற கறுப்பினப் பொறியாளர். டஸ்கீகியிலேயே வேலை செய்த பொறியாளரும் கட்டடக் கலைஞரும் வரைபடம் போட்டார்கள். குறித்த நாளில் பயிற்சி தொடங்க வேண்டும் என்பதால் நிறுவனத்தின் கூலியாட்களும் கைத்தொழிலாளர்களும் இறங்கி வேலையை முடித்தார்கள். ஓடுதளம் என்று கல்லும் தாருமாக எதுவும் இல்லை. புல்தரைதான். அதில்தான் இரண்டு பேர் அமரும், மேலே மூடி இல்லாத, இரட்டை இறக்கை விமானங்கள் ஏறி இறங்கின.

மில்ட்ரெட் ஹெமன்ஸ் என்ற இளம்பெண் டஸ்கீகியில் பயின்று 1941-இல் விமானி உரிமம் பெற்றார். தளத்தில் அலுவலக வேலையும் பார்த்தார். பின்னர் இராணுவத்துக்காகப் பெண்கள் விமானம் ஓட்டும் பிரிவு தொடங்கியபோது விண்ணப்பித்தார். நிறத்தைக் காரணம் காட்டி மறுத்துவிட்டார்கள். அவர் மணந்துகொண்ட ஹெர்பர்ட் கார்ட்டர் அங்கே பயின்ற விமானி. காதலித்த காலத்தில், ஆளுக்கொரு விமானத்தில் ஏறி, ஒரு ஏரிப் பாலத்துக்கு மேலே சந்தித்துக் கையசைத்துக்கொள்வார்களாம். கீழே ஊருக்குள் கறுப்பினத்தவர் உட்காரக் கூடாத இருக்கைகள் எத்தனையோ இருந்தன. மேலே அந்தப் பலகைகளை யாரும் மாட்டவில்லை.

இங்கே ஒரு முக்கியமான சண்டையைச் சொல்லியாக வேண்டும். கறுப்பின மக்கள் எல்லோருமே இந்தத் தளத்தைக் கொண்டாடவில்லை. ஹோவர்டு பல்கலைக்கழக மாணவர் யான்சி வில்லியம்ஸ், தன்னை விமானப் படையில் சேர்க்க மறுத்ததற்காக 1941 ஜனவரியில் வழக்குக்குப் போனார். அந்தச் சூட்டில்தான், கறுப்பினத்தவருக்கென்று ஒரு தனிப் படைப்பிரிவு அமைக்கப்படும் என்று இராணுவம் அறிவித்தது. பயிற்சி டஸ்கீகியில். மற்ற தளங்களின் கதவு மூடியபடியே இருக்கும். வழக்கறிஞர் வில்லியம் ஹேஸ்டி இதை எதிர்த்தார். அவர் அப்போது போர்த் துறை அமைச்சருக்குக் கறுப்பின மக்கள் தொடர்பான ஆலோசகர். தனித்தளம் என்பது தீண்டாமைக்கு அரசே போட்டுக்கொடுக்கும் ஓடுதளம் என்பது அவர் வாதத்தின் சாரம். 1943 ஜனவரியில் பதவியைத் தூக்கியெறிந்தார். டஸ்கீகியின் அன்றைய தலைவர் ஃபிரெடரிக் பேட்டர்சனோ, கிடைத்த வாய்ப்பை விட்டால் ஒரு தலைமுறை தரையிலேயே நிற்கும் என்று நினைத்தார்.

யார் சொன்னது சரி? ஆதிதிராவிடர் நலப் பள்ளியிலும் விடுதியிலும் படித்து வந்தவர்கள் இந்தப் பகுதியின் வாசகர்களில் ஏராளம். தனிப்பள்ளி நம்மை ஒதுக்கிவைக்கிறதா, உயர்த்துகிறதா என்ற வாதம் நம் வீடுகளிலும் நடக்கிறது. எங்கள் கருத்து இது: பேட்டர்சன் தளத்தைக் கட்டியதும் சரி, ஹேஸ்டி அதை வாங்கி வைத்துக்கொண்டு வாயை மூடாமல் இருந்ததும் சரி. கையில் கிடைத்ததை விடக் கூடாது. கிடைத்ததே போதும் என்று கையெழுத்தும் போடக் கூடாது. ஹேஸ்டி விலகியபின் அவருடைய பல புகார்களுக்கு இராணுவம் செவிசாய்க்க வேண்டிவந்தது.

ஒரு வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். ஊருக்கு வடமேற்கே இராணுவம் தானே ஒரு பெரிய தளத்தைக் கட்டியது. வெள்ளை நிறத்தவர் அங்கே அதிகாரிகள், பயிற்றுநர்கள். சாப்பாட்டுக் கூடத்திலும் கழிப்பறையிலும் பாகுபாடு. ஆனால் நிறுவனத்துக்குச் சொந்தமான மோட்டன் தளத்தில் ஆரம்பப் பயிற்சி கொடுத்தவர்கள் ஆண்டர்சனும் அவரைப் போன்ற கறுப்பினப் பயிற்றுநர்களும். இடம் யாருடையது என்பது எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள்.

முதல் வகுப்பில் 13 பேர் சேர்ந்தார்கள். 1942 மார்ச்சில் ஐந்து பேர் தேறினார்கள். அவர்களில் ஒருவரான பெஞ்சமின் டேவிஸ், இராணுவக் கல்லூரியில் படித்த நான்கு ஆண்டுகளும் சக மாணவர்கள் அவரோடு பேசாமலே இருந்தார்கள். அதையும் தாண்டி வந்தவர். 1946-க்குள் 900-க்கும் மேற்பட்ட விமானிகள் டஸ்கீகியில் தேறினார்கள். பழுதுபார்ப்போர், பாராசூட் மடிப்போர், செவிலியர் என்று ஆயிரக்கணக்கானவர்கள் பின்னால் நின்றார்கள். அவர்கள் காவலுக்குப் போன குண்டுவீச்சு விமானங்களில் ஒன்றுகூட எதிரியிடம் வீழவில்லை என்று ஒரு கதை உண்டு. உண்மையில் இருபதுக்கும் மேற்பட்டவை வீழ்ந்தன என்று விமானப் படையின் வரலாற்றாளர்களே ஆவணங்களைப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். அதனால் அவர்களின் பெருமை குறையவில்லை. தெய்வப்பிறவியாக இருந்தால்தான் சமமாக நடத்துவோம் என்பதும் ஒரு வகைப் பாகுபாடுதானே.

அதே 1941-இல் நம் நாட்டில் என்ன நடந்தது? மகர்கள் போர்க்குணம் இல்லாத சாதி என்று முத்திரை குத்திப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேய இராணுவம் அவர்களைச் சேர்ப்பதை நிறுத்தியிருந்தது. முதல் உலகப்போருக்கு ஆள் தேவைப்பட்டதும் ஒரு படைப்பிரிவை அமைத்தார்கள். போர் முடிந்ததும் கலைத்தார்கள். அண்ணல் அம்பேத்கரின் தந்தை இராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். அந்தக் கதவு மூடப்பட்டதால் எத்தனை குடும்பங்களின் கல்வியும் பிழைப்பும் போயின என்பதை அம்பேத்கர் நன்றாக அறிந்தவர். அவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் இருந்த 1941 அக்டோபரில் பெல்காமில் மகர் படைப்பிரிவு மீண்டும் எழுந்தது. 1946-இல் அவர் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, இரு மக்களின் நிலைமையிலும் உள்ள ஒற்றுமையைக் குறிப்பிட்டார்.

டஸ்கீகிக்குத் திரும்புவோம். இந்தக் கதையில் பெருமையோடு மட்டும் நின்றுவிட்டால் அது பொய்யாகிவிடும். மோட்டன் தளத்துக்கு வந்த பயிற்சி மாணவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் படிப்பு வாசனை உள்ளவர்கள், பல மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். விமானம் பறந்த வழியில் கீழே குனிந்து பருத்தி பறித்துக்கொண்டிருந்த மேக்கன் வட்டார வாரக்குடிகளுக்கு நடந்தது வேறு. 1932-இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை அங்கே ஓர் ஆய்வைத் தொடங்கியது. 600 ஏழைக் கறுப்பின ஆண்கள். அவர்களில் 399 பேருக்கு மேகப்புண் நோய். கெட்ட இரத்தத்துக்கு வைத்தியம் என்று சொல்லிக் கூட்டிவந்து, வைத்தியம் செய்யாமலே நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்தார்கள். சாப்பாடு கொடுத்தார்கள். செத்தால் அடக்கச் செலவும் தருவதாகச் சொன்னார்கள். இராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது, இவர்களைச் சேர்த்தால் அங்கே சிகிச்சை கிடைத்துவிடும் என்பதால், பெயர்ப் பட்டியல் கொடுத்து விலக்கு வாங்கினார்கள். பென்சிலின் ஊரெல்லாம் கிடைத்த பிறகும் கொடுக்கவில்லை. பத்திரிகையில் வெளிவந்த பிறகு 1972-இல்தான் அது நின்றது. 1997-இல் அதிபர் கிளிண்டன் மன்னிப்புக் கேட்டார்.

அந்த ஆய்வுக்கு டஸ்கீகி நிறுவனத்தின் மருத்துவமனையும் பயன்பட்டது என்பதே கசப்பான உண்மை. ஒரே அரசு, ஒரே வட்டாரம், ஒரே நிறம். ஒருவனுக்கு இறக்கை, இன்னொருவனுக்கு ஊசிகூட இல்லை. நடுவில் இருந்த வேறுபாடு நிலமும் படிப்பும். நம் மக்களுக்குள்ளும் படித்து மேலே போனவர்களுக்கும் இன்னும் கரும்புக் காட்டில் நிற்பவர்களுக்கும் இடையே ஒரு தூரம் விழுந்துகொண்டிருக்கிறது. மேலே போனவர்கள் கீழே பார்க்கிறார்களா என்று இதைப் படிக்கும் கல்லூரி மாணவர்களைத்தான் கேட்கிறோம்.

போர் முடிந்து திரும்பிய விமானிகளுக்குப் பயணிகள் விமான நிறுவனங்கள் வேலை கொடுக்கவில்லை. இராணுவத்தில் நிறப் பாகுபாடு கூடாது என்று அதிபர் ட்ரூமன் 1948-இல் ஆணையிட்டார். அந்த ஆணை தனியார் நிறுவனங்களின் வாசலில் நின்றுவிட்டது. மார்லன் கிரீன் என்ற முன்னாள் விமானப் படை விமானி உச்சநீதிமன்றம் வரை வழக்கு நடத்தி 1963-இல் வென்ற பிறகுதான் அந்தக் கதவு திறந்தது.

இங்கேயும் அதே வாசல்தான். ஏர் இந்தியா 2022 ஜனவரியில் டாடா குழுமத்தின் கைக்குப் போனது. பொதுத்துறை நிறுவனமாக அது இருந்தவரை இடஒதுக்கீடு இருந்தது. தனியார் விமான நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பட்டியல் சாதி மாணவர்களுக்கான, பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய மத்திய அரசு உதவித்தொகை விதிகளில் வணிக விமானி உரிமப் பயிற்சியும் இடம்பெற்றிருக்கிறது. நம் ஆசிரியர்களில் எத்தனை பேர் இதைப் பிள்ளைகளிடம் சொல்லியிருப்பார்கள்? உரிமத்துக்குக் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ஒவ்வொரு மணிக்கும் பணம். உதவித்தொகை நேரத்துக்கு வராவிட்டால் பயிற்சி பாதியில் நிற்கும். பொறியியல் கல்லூரிகளிலேயே பார்க்கிறோமே.

மோட்டன் தளம் 1946-இல் மூடப்பட்டது. பதினோரு ஆண்டுகள் கழித்து அந்த ஊரில் இன்னொரு வேலை நடந்தது. படித்த கறுப்பினத்தவர்கள் வாக்காளர் பட்டியலில் சேரச் சேர, 1957-இல் அலபாமா சட்டமன்றம் நகர எல்லையை மாற்றி வரைந்தது. சதுரமாக இருந்த ஊர் 28 பக்கங்கள் கொண்ட உருவமாயிற்று. சுமார் 400 கறுப்பின வாக்காளர்களில் நாலைந்து பேர் தவிர எல்லோரும் எல்லைக்கு வெளியே. வெள்ளை நிறத்தவர் ஒருவர்கூட வெளியே போகவில்லை. டஸ்கீகியில் சமூகவியல் கற்பித்த சார்லஸ் கோமிலியன் வழக்குப் போட்டார். 1960-இல் உச்சநீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சேரியை வார்டு எல்லையில் துண்டுபோடும் வித்தை நமக்கும் புதிதல்ல.

பன்னிரண்டு ஆண்டுகளில், 1972-இல், அந்த ஊர் தன் முதல் கறுப்பின மேயராக ஜானி ஃபோர்டைத் தேர்ந்தெடுத்தது. மோட்டன் தளத்தின் ஒரு பகுதி நகராட்சியின் விமானத்தளமானது. எல்லைக்கு வெளியே தள்ளப்பட்டவர்களின் ஓட்டில் அமைந்த நகராட்சி அது. பழைய கொட்டகைகளில் ஒன்று 1989-இல் தீயில் போயிற்று. 1998-இல் தளம் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. மீதமிருந்த முதல் கொட்டகையைப் பழுதுபார்த்து 2008-இல் காட்சியகமாகத் திறந்தார்கள். பக்கத்திலேயே ஓடுதளம் உயிரோடு இருக்கிறது. பெரிய விமானங்கள் வருவதில்லை. சுற்றிலும் காடும் வயலும். அண்மை ஆண்டுகளில் அங்கே விமானிப் பயிற்சி மறுபடியும் தொடங்கியிருக்கிறது. இப்போது பல்கலைக்கழகமாக வளர்ந்துவிட்ட டஸ்கீகியின் மாணவர்களும் அங்கிருந்து பறக்கிறார்கள்.